கண்ணாடிக்குள் ஒரு கடல்: அழையா விருந்தாளியின் வரலாறு



நம் நாட்டு மீன் சந்தைகளிலும் கடலுணவுக் கடைகளிலும் ஓர் உயிரினத்தைப் பலரும் கண்டிருப்பீர்கள். இறாலைப் போன்ற உடல். அதைவிடத் தட்டையான, கணுக்கணுவான முதுகு. மார்போடு மடித்து வைத்த இரண்டு முன்கைகள். மலாய்க்காரர்கள் அதனை 'ஊடாங் லிப்பான்' என்பர். 'லிப்பான்' என்றால் பூரான். நீரிலிருந்து தூக்கினால் நீரைப் பீய்ச்சுவதால், கண்டோனிய மொழியில் 'சிறுநீர் கழிக்கும் இறால்' என்றொரு வேடிக்கைப் பெயரும் அதற்கு உண்டு. ஆங்கிலேயர் அந்த மடித்த கைகளைப் பார்த்துக் கும்பிடுபூச்சியை நினைத்துக்கொண்டனர். 'மேன்டிஸ் ஷ்ரிம்ப்' என்றனர். இக்கட்டுரையில் மலாய்ப் பெயரைத் தழுவிப் 'பூரான் இறால்' என்றே அழைப்போம்.

பெயரில் இத்தனை விலங்குகள் இருந்தாலும் அது பூரானும் அன்று, கும்பிடுபூச்சியும் அன்று. உண்மையில் இறாலும் அன்று. ஓட்டுடலிகளுள் தனிக்கிளையாகப் பிரிந்து பல கோடி ஆண்டுகளைக் கடந்து வந்த இனம் அது. இன்று அறியப்பட்ட வகைகள் நானூற்றுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் ஒன்றான மயில் பூரான் இறால் பச்சை, நீலம், செம்மஞ்சள் எனப் பல நிறங்களில் மின்னும். அதனை வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போர் இன்று பல நாடுகளில் இருக்கின்றனர்.

தட்டில் உணவாக வைக்கப்படும் உயிர், ஆர்வலர் வீட்டில் செல்லப்பிராணியானது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், கடலை வீட்டுக்குள் கொண்டுவர மனிதன் எடுத்த முயற்சியின் வரலாறு முழுவதும் நம் முன் விரிகிறது. அது வியப்பூட்டும் வரலாறு. கூடவே நம்மை எச்சரிக்கும் வரலாறும் ஆகும்.

கண்ணாடித் தொட்டி பிறந்த கதை

தங்கமீனைக் கிண்ணத்தில் வளர்க்கும் வழக்கம் சீனத்தில் பழமையானது. ஆனால் கடலுயிர்களை உயிரோடு வைத்திருப்பது வேறு. நன்னீர் கிணற்றிலும் ஆற்றிலும் கிடைக்கும். உவர்நீர் கடற்கரைக்கு அப்பால் கிடைப்பதில்லை. கிடைத்த நீரும் ஓரிரு நாளில் கெட்டு நாற்றமெடுக்கும்.

இத்தடையைக் கடந்தவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் ஒரு பெண்மணி. பிரான்சில் பிறந்து சிசிலித் தீவின் மெசினா நகரில் வாழ்ந்த ழான் வீல்ப்ரூ பவர் என்பார், 1832இல் கண்ணாடித் தொட்டிகளைச் செய்வித்து அவற்றில் கடலுயிர்களை வைத்து ஆராய்ந்தார். ஆர்கோனாட் என்னும் எண்காலி இனம் தன் ஓட்டைத் தானே உருவாக்குகிறதா, பிற உயிரின் ஓட்டைத் திருடிக்கொள்கிறதா என்பது அந்நாளைய அறிஞரின் வாதம். தானே உருவாக்குகிறது என்பதைத் தொட்டியில் பார்த்தே அவர் மெய்ப்பித்தார். இறந்த உடலைச் சாராயத்தில் ஊறவைத்து ஆராய்ந்த காலத்தில், உயிருள்ளதை உயிரோடு பார்த்து அறிய வேண்டும் என்ற எண்ணமே ஒரு புரட்சி எனலாம்.

அடுத்தவரும் பெண்மணியே. இலண்டனில் வாழ்ந்த அன்னா தின் அம்மையார் 1846இல் டோர்க்கி கடற்கரையில் கல் பவளங்களைக் கண்டு மயங்கினார். அவற்றை ஊசியும் நூலும் கொண்டு ஒரு பஞ்சுக் கடற்காளானில் தைத்து, கடல்நீர் நிறைந்த சாடியில் வைத்து இலண்டனுக்குக் கொண்டுவந்தார். நீர் கெடாமல் இருக்க, நாள்தோறும் திறந்த சன்னலருகே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்திற்கு அதை ஊற்றி ஆற்றச் செய்தார். முக்கால் மணி நேரம் வரை நீளும் இவ்வேலையைப் பணிப்பெண் ஒருவரும் செய்தார். நம்மூர் ஒட்டுக்கடைகளில் 'தே தாரிக்' ஆற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை உடனே விளங்கும்: காற்று நீரில் கலக்கிறது. மறு ஆண்டு கடற்பாசிகளையும் சேர்த்தார். பவளங்கள் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழ்ந்தன. வரலாறு அம்மையாரின் பெயரைக் குறித்து வைத்தது. சாடியைத் தூக்கி ஊற்றிய பணிப்பெண்ணின் பெயரை அது குறிக்கவில்லை.

இதனை அறிவியலாக வகுத்தவர் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார். மீன், நீர்த்தாவரம், நத்தை ஆகிய மூன்றையும் ஒரே தொட்டியில் வைத்தால், மீன் வெளிவிடுவதைத் தாவரம் ஏற்கும், தாவரம் தரும் உயிர்வளியை மீன் ஏற்கும், அழுகியதை நத்தை உண்ணும் என்று 1850இல் அவர் எழுதினார். பின்னர் இதே முறையைக் கடல்நீரிலும் செய்து பார்த்தார்.

இதே காலத்தில் வேறொன்றும் நிகழ்ந்தது. பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி 1845இல் நீக்கப்பட்டது. கண்ணாடியின் விலை இறங்கியது. செல்வர் மாளிகைக்கு உரியதாக இருந்த பொருள் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தது. 1853இல் இலண்டன் விலங்குத் தோட்டத்தில் உலகின் முதல் பொது மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய 'தி அக்குவேரியம்' என்ற நூல் வெளிவந்தது; அச்சொல் உலக வழக்கானது. கடலுக்குத் தொலைவில் வாழ்வோருக்காகச் சாதாரண உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கை நன்னீரில் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் அளவையும் கோஸ் வெளியிட்டார். இன்று கடைகளில் பையாகவும் வாளியாகவும் விற்கப்படும் கடலுப்புக் கலவைகள் யாவும் அவ்வழி வந்தவையே.

கரை வெறுமையானது

புத்தகம் விற்றது, தொட்டி விற்றது, ஆசை பரவியது. இரயிலேறிக் கடற்கரைக்கு வந்த கூட்டம், உளியும் சுத்தியலும் வாளியும் ஏந்திப் பாறைக்குட்டைகளில் இறங்கியது. கடற்சாமந்தி, நண்டு, நட்சத்திரமீன் என அகப்பட்டதையெல்லாம் பெயர்த்துச் சென்றது. வீட்டுக்குச் சென்றவற்றில் பெரும்பகுதி சில நாளில் மடிந்தது. மடிந்தவற்றுக்கு மாற்றாக மேலும் பெயர்த்தனர்.

பிலிப் கோஸின் மகன் எட்மண்ட் கோஸ் 1907இல் வெளியிட்ட 'தந்தையும் மகனும்' என்ற தன்வரலாற்று நூலில் இதனை வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். தம் தந்தை எழுத்தால் புகழ்ந்த அக்குட்டைகளே அவ்வெழுத்தைப் படித்து வந்தவர்களால் சூறையாடப்பட்டன என்பதும், தந்தையார் இதனை எண்ணி வருந்தினார் என்பதும் அந்நூல் தரும் செய்தி. இயற்கையை நேசிக்கக் கற்பித்தவரின் பாடமே இயற்கைக்குக் கேடாய் முடிந்தது. கற்பிக்கும் தொழிலில் இருக்கும் நாம் அடிக்கடி நினைத்துப் பார்க்க வேண்டிய நிகழ்ச்சி இது.

1860களில் இம்மோகம் வீடுகளில் தணிந்தது. பொதுக் காட்சியகங்கள் பெருகின. வில்லியம் ஆல்ஃபர்டு லாயிடு என்பார் 1871இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் அமைத்த காட்சியகத்தில், தரைக்கடியில் இருண்ட குளிர்ந்த பெருந்தொட்டியில் நீரைத் தேக்கி, ஓயாமல் மேலேற்றிச் சுழலவிட்டார். 1874இல் நேப்பிள்ஸ் நகரின் ஆய்வுநிலையத்தில் காட்சியகம் திறக்கப்பட்டது.

சென்னையும் சிங்கையும்

நம் பக்கத்து வரலாற்றையும் இங்கே சொல்ல வேண்டும். சென்னை அரும்பொருளகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909இல் மெரினா கடற்கரையில் கடல்வாழ் உயிர்க்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. இந்தியாவின் முதல் கடல்நீர்க் காட்சியகம் அதுவே. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் அது மூடப்பட்டது. இதற்கிடையே 1913இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்திலிருந்து ஸ்டான்லி கெம்ப் என்பார் இந்திய, பசிபிக் கடல்களின் பூரான் இறால்களைப் பற்றிய விரிவான ஆய்வுநூலை வெளியிட்டார். இவ்வினத்தை ஆராய்வோர் நெடுங்காலம் கையாண்ட நூல் அது. ஆனால் அவர் கண்டவை பெரும்பாலும் புட்டியில் பாதுகாக்கப்பட்ட உடல்கள்.

சிங்கப்பூரில் வான் கிளீஃப் என்னும் டச்சுக்காரர் நகராட்சிக்கு விட்டுச்சென்ற சொத்தைக் கொண்டு, ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்தில் 1955இல் மீன்காட்சியகம் எழுந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கடலின் உட்புறத்தை முதன்முதலாகக் கண்டது அங்கேதான். அக்கட்டடம் 1998இல் இடிக்கப்பட்டது.

உயிருள்ள கல்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மின்சாரக் காற்றுக்குழாயும் வானூர்தியும் வீட்டுக் கடல்தொட்டிக்கு மறுபிறவி தந்தன. ஆனால் பவளம் மட்டும் பிழைக்கவில்லை. அந்நாளைய ஆர்வலர் எல்லாவற்றையும் கழுவித் தூய்மை செய்தனர். இறந்த பவளத்தை வெளுத்து அழகுக்கு வைத்தனர்.

இதற்கு மாறான வழியைக் காட்டியவர் ஜாகர்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். 1961இல் அமெரிக்க இதழொன்றில் அவர் தம் முறையை விளக்கினார். கடல்நீர், வெயில், மெல்லிய காற்றுக்குமிழி, இவற்றோடு கடலடியிலிருந்து எடுத்த 'உயிருள்ள கற்கள்', அவ்வளவே. அவர் தொட்டியில் பவளங்கள் வாழ்ந்தன. வடிகட்டும் பொறிகளை நம்பியவர்கள் வியந்தனர்.

கல் எவ்வாறு உயிருள்ளதாகும்? பவளப்பாறைத் துண்டின் மேற்புறத்தில் வாழும் நுண்ணுயிரிகள், மீன்கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்னும் நஞ்சை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. உயிர்வளி குறைந்த உட்புறத் துளைகளில் வாழும் வேறு நுண்ணுயிரிகள் அந்த நைட்ரேட்டை வளியாக மாற்றி வெளியேற்றுகின்றன. ஆக, ஒரு கல்லே கழிவுநீர் நிலையம். பின்னாளில் ஜெர்மானிய ஆர்வலர் இக்கற்களோடு நுரைபிரிக்கும் கருவியையும் வலிய விளக்கையும் சேர்த்துப் 'பெர்லின் முறை' என வளர்த்தனர். 1980களிலும் 1990களிலும் உயிர்க்கல் உலகெங்கும் தேவைப்படும் சரக்காயிற்று. ஈரத்தாளில் சுற்றிய பவளப்பாறைத் துண்டுகள் வெப்பமண்டலத் தீவுகளிலிருந்து வானூர்தி ஏறின.

அவற்றின் பொந்துகளில் ஒளிந்து, சீட்டு வாங்காமல் பயணம் செய்தது நம் பூரான் இறால்.

அழையா விருந்தாளி

புதிய தொட்டி அமைத்துச் சில வாரமான ஒருவரின் வீட்டில் நள்ளிரவில் 'டக், டக்' என ஓசை கேட்கும். காலையில் ஒரு நத்தையின் ஓடு உடைந்து கிடக்கும். மறுவாரம் ஒரு நண்டைக் காணோம். பின்பு ஒரு மீனைக் காணோம். இவ்வாறுதான் ஆர்வலர் பலர் பூரான் இறாலை அறிந்தனர். கல்லை வெளியே எடுத்துப் பொந்தில் சோடா நீரைச் செலுத்துவர். புட்டியில் இரை வைத்துப் பொறி அமைப்பர். பிடிபட்டதைக் கொன்றவர் பலர். தொட்டி வளர்ப்போரின் அகராதியில் அதன் பெயர் 'கேடு' என்பதே.

1998 ஏப்ரலில் இங்கிலாந்தின் கிரேட் யார்மவுத் கடல்வாழ் உயிர்க்காட்சியகத்தில் 'டைசன்' என்று குத்துச்சண்டை வீரரின் பெயர் சூட்டப்பட்ட பூரான் இறால் ஒன்று, ஏறத்தாழ நான்கு அங்குல நீளமே உடையது, தன் தொட்டியின் கால் அங்குலத் தடிப்புள்ள கண்ணாடியை உடைத்துவிட்டது. நாளேடுகள் அதனைக் கொண்டாடின. கண்ணாடி உடைவது அரிதே எனினும், கேலிக்குரிய களையாயிருந்த உயிர் அன்றுமுதல் பலருக்கு விரும்பத்தக்க வீரனாயிற்று.

களை கற்பித்த பாடம்

தொட்டியில் வைத்துப் பொறுமையாகப் பார்த்தவர்கள் வேறொன்றைக் கண்டனர். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தைச் சேர்ந்த ராய் கால்டுவெல் பல்லாண்டுகள் இவ்வுயிர்களை வளர்த்து ஆராய்ந்தவர். முன்கையைச் சம்மட்டியாகக் கொண்டு அடிப்பவை, ஈட்டியாகக் கொண்டு குத்துபவை என இவற்றை இருவகையாகப் பிரித்து நோக்கும் முறை அவரும் ஹியூ டிங்கிளும் வகுத்தது. 1983இல் அவரும் ஸ்டீகரும் வெளியிட்ட ஆய்வு சுவையானது. தோலுரித்த சில நாள்கள் பூரான் இறாலின் உடல் மெத்தென்று இருக்கும். அடிக்கவும் இயலாது, அடி தாங்கவும் இயலாது. அந்நிலையிலும் பொந்துக்கு உரிமை கேட்டு வரும் எதிரியை நோக்கிக் கைகளை விரித்து மிரட்டும். வெறுங்கையால் காட்டும் வீரம் அது. பலவேளை பலிக்கவும் செய்யும்.

2004இல் ஷீலா பட்டேக், கோர்ஃப், கால்டுவெல் ஆகியோர் அதிவேகப் படக்கருவியால் மயில் பூரான் இறாலின் அடியைப் பதிவு செய்தனர். கை பாயும் வேகம் நொடிக்கு 14 முதல் 23 மீட்டர். அதாவது நீருக்குள் மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வரை. தசை மட்டும் இவ்வேகம் தராது. குதிரைச்சேணம் போல் வளைந்த ஒரு பகுதி வில்லாக இறுகி, தாழ் விலகியதும் விடுபடுகிறது. வேகத்தால் நீரில் ஆவிக்குமிழிகள் தோன்றி உடைகின்றன. எனவே இரைக்கு விழுவது ஓரடி அன்று, ஈரடி: முதலில் கை, உடனே குமிழி. இவ்வளவு அடித்தும் அந்தக் கை உடையாதது ஏன் என்பதை 2012இல் வேறோர் ஆய்வுக்குழு விளக்கியது. கைமுனையின் உட்புற இழைகள் சுழற்படி போல் அடுக்கப்பட்டிருப்பதால், தோன்றும் விரிசல் நேரே ஓடமுடியாமல் வளைந்து வலுவிழக்கிறது.

கண்ணைப் பற்றியும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். மனிதக் கண்ணில் நிறமறியும் செல்வகை மூன்று, இதற்குப் பன்னிரண்டு. ஆகவே நாம் காணாத எண்ணற்ற நிறங்களை இது பிரித்தறியும் என்று பலரும் எழுதிவந்தனர். 2014இல் ஹன்னா தோன், ஜஸ்டின் மார்ஷல் முதலியோர் இவற்றைத் தொட்டியில் வைத்து, நிறத்தைத் தேர்ந்தால் உணவு எனப் பழக்கிச் சோதித்தனர். நெருங்கிய நிறங்களைப் பிரித்தறிவதில் இது நம்மைவிடப் பின்தங்கியது. நுணுகி ஒப்பிடாமல், கண்டவுடன் இன்ன நிறமென்று விரைந்து அறிய அந்த அமைப்பு உதவக்கூடும் என்பது அவர்கள் கருத்து. கருவி மிகுதியாக இருப்பதாலேயே திறன் மிகும் என்பதில்லை.

வளர்ப்போர் அறிய வேண்டியவை

இன்று இதனை விரும்பி வாங்குவோர் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். இதனைத் தனித்தொட்டியில் வைத்தல் வேண்டும். மீனோடும் நண்டோடும் சேர்த்தால் அவை இரையாகும். பெரிய அடிக்கும் வகைக்குக் கண்ணாடியைவிட அக்ரிலிக் தொட்டி ஏற்றது. உள்ளே ஒளிந்துகொள்ளப் பொந்தோ, குழாயோ, உடைகல் குவியலோ கட்டாயம் தேவை. பொந்தில்லாத பூரான் இறால் ஓயாத அச்சத்தில் வாழும். மயில் வகைக்குக் கடும் ஒளி ஆகாது. ஓட்டோடு கூடிய நத்தையும் நண்டும் கொடுத்தால், உண்பதோடு அடிக்கும் இயல்புக்கும் வேலை கிடைக்கும். தோலுரிக்கும் நாள்களில் அது பொந்தை அடைத்துக்கொண்டு வெளிவராது. இறந்துவிட்டதென எண்ணிக் கிளறுதல் கூடாது. வெறுங்கையால் தொடவே கூடாது.

மற்றொன்று முக்கியமானது. கோமாளிமீன் 1970களிலிருந்து தொட்டியிலேயே பெருக்கப்பட்டு விற்பனைக்கு வருகிறது. பூரான் இறாலின் குஞ்சுகளோ நெடுநாள் கடலில் மிதந்து திரிபவை. எனவே கடைக்கு வருபவை கடலில் பிடிபட்டவையே எனக் கொள்ளலாம்.

இரண்டாம் முறை

இங்கிலாந்தின் பாறைக்குட்டைகளுக்கு 1850களில் நேர்ந்தது, ஒரு நூற்றாண்டுக்குப்பின் நம் வெப்பமண்டலப் பவளப்பாறைகளுக்கு நேர்ந்தது. இம்முறை உளியோடு நஞ்சும் வந்தது. 1960கள் முதல் பிலிப்பைன்ஸிலும் பின்னர் இந்தோனேசியாவிலும் சயனைடைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடித்தனர். மீன் சில நாளில் இறந்தது, பாறையும் இறந்தது. அவ்வேலையைச் செய்தவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். தொலைதூர வீட்டுக் கூடத்தின் அழகுக்காகச் சில காசுக்கு மூழ்கிய ஏழை மீனவர்கள். சாடியைத் தூக்கி ஊற்றிய அந்தப் பணிப்பெண்ணைப் போலவே அவர்கள் பெயரும் எங்கும் எழுதப்படவில்லை.

சட்டங்கள் மெல்ல வந்தன. 1990 முதல் எல்லாக் கல் பவளங்களும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின்கீழ் வந்தன. மலேசியாவின் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் கடற்பூங்காக்களுக்கு அடித்தளமிட்டது. மன்னார் வளைகுடாவில் 1986இல் கடற்பூங்கா அமைந்தது. இந்தியா 2001இல் பவளங்களை உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. உலர்ந்த கல்லும், செயற்கைக் கல்லும், புட்டியில் அடைத்த நுண்ணுயிரிகளும் இன்று உயிர்க்கல்லின் இடத்தைப் பெரிதும் பிடித்துள்ளன. அதனால் அழையா விருந்தாளியும் குறைந்துவருகிறது. ஆனால் கடல் சூடேறுவதைச் சட்டம் மட்டும் தடுத்துவிடாது. 2010இல் பவளங்கள் வெளிறியபோது நம் நாட்டு முக்குளிப்புத் தளங்கள் சில மாதக்கணக்கில் மூடப்பட்டதை நாம் மறந்துவிடலாகாது.

நிறைவாக

தொட்டி தீமையென்று சொல்ல நான் முன்வரவில்லை. மெசினாவின் தொட்டியும் பெர்க்கிலியின் தொட்டியும் இல்லையேல் நமக்கு இந்த அறிவு கிட்டியிராது. பார்க்காததைப் பிள்ளைகள் நேசிப்பதில்லை என்பதும் ஆசிரியர் அனைவரும் அறிந்ததே. ஆயினும் ஒரு கேள்வியை அவர்களுக்குப் பழக்கிவிடலாம். அழகான பொருளைக் கண்டவுடன், 'இது எவ்வளவு?' என்று கேட்பதற்கு முன்னால், 'இது எங்கிருந்து வந்தது? யார் எடுத்தார்? எடுத்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?' என்று கேட்கும் பழக்கம் அது.

உயிர்க்கல்லின் பொந்திலிருந்து வெளிவந்த பூரான் இறாலைத் தொட்டிக்காரர்கள் திருடன் என்றார்கள். அது தன் வீட்டில்தான் இருந்தது. வீட்டோடு பெயர்த்துக் கொண்டுவந்தவர்கள் நாம். இதனை மட்டும் நம் மாணவர்கள் விளங்கிக்கொண்டால், இவ்வரலாறு மூன்றாம் முறையும் நிகழாதிருக்கக்கூடும்.